வியாழக்கிழமைக் கொழுப்பு

2023 நவம்பர் 2, வியாழன்

இன்று எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், பதினொரு நாள். குன்னூரில் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியைகள் மூவர் இருந்தோம். இருவர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். நான் லாயத்தில் இருக்கிறேன், வியாழக்கிழமைகளில் மட்டும்.

லாயம் என்பது ஊரார் இட்ட பெயர். துரைமார் குதிரை கட்டிய கட்டடத்தை ஆல்பர்ட் என்பவர் வாங்கி, ஒவ்வொரு குதிரையின் தடுப்புக்குள்ளும் ஒரு மேசையைப் போட்டு, அதை மாட்டிறைச்சி பொரித்துத் தரும் ஸ்டேக் ஹவுஸ் ஆக்கினார். அவர் வகுத்த வழக்கம் இன்றும் நடக்கிறது. புதன்கிழமை, மாட்டின் சிறுநீரகத்தை, அதாவது கடைக்காரர் சொல்லும் குண்டிக்காயைச் சுற்றியுள்ள கொழுப்பைப் பொடியாக அரிந்து, சிறிது தண்ணீர் விட்டு, மெல்லிய தீயில் உருக்கி, துணியில் வடித்து, பீங்கான் ஜாடியில் உறைய விடுவார்கள். வியாழன் காலை, கடை திறக்குமுன், அந்தப் புதுக் கொழுப்பில் ஒரு துண்டு இறைச்சியைப் பொரித்து என் முன்னால் வைப்பார்கள். நான் ஒரு சொல் சொல்வேன். ‘சரி’ என்றால் வாரம் முழுவதும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அந்தக் கொழுப்பில் பொரியும். ‘இல்லை’ என்றால் ஜாடி குப்பைக்குப் போகும், அன்றே வேறு உருக்க வேண்டும். முப்பத்தோராண்டுகளாக என் சொல்லை எவரும் மறுத்ததில்லை.

என் கணவர் ஆசீர் தேயிலை ஏலக் கம்பெனியில், தேநீரைச் சுவைத்துத் தரம் சொல்லும் டீ டேஸ்டராக இருந்தவர். ஆல்பர்ட் முதலில் அவரைத்தான் கேட்டார். ஆசீர், “ஆபீஸ் விட்டா என் நாக்குக்கு லீவு. ரோடாவைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு, எனக்கு எதிரே அமர்ந்து தம் பங்கை மட்டும் சாப்பிட்டார். அப்படித்தான் இந்தப் பதவி எனக்கு வந்தது. ஜூன் மாதம் ஆசீர் காலமானார். அதன்பின் நான்கு மாதம் நான் லாயத்துக்குப் போகவில்லை. அந்த நான்கு மாதமும் ருசி பார்க்க ஆளின்றியே அடுப்பு எரிந்திருக்கிறது. ஆல்பர்ட்டின் மகன் கிளெமென்ட், இப்போதைய முதலாளி, நேற்று வந்து அழைத்தான். போனேன்.

ஆசீரின் நாற்காலியில் கிளெமென்ட் அமர்ந்தான். சமையற்காரி பிலோமினா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பதினாறு ஆண்டுகளாக அடுப்பில் நிற்பவள். நீலகிரியில் ஸ்டேக் போடும் ஒரே பெண் தான்தான் என்று தானே சொல்லிக்கொள்பவள். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

மேல்பொருக்கு கத்திக்குக் கீழே நொறுங்கியது. உள்ளே சூடு சரியாக இருந்தது. கிளெமென்ட் இரண்டாம் முறை மென்றபோது அவன் தாடை நின்றது. இடக்கண் சுருங்கியது. வாயிலிருந்ததை வலப்பக்கம் ஒதுக்கி, அரைகுறையாக விழுங்கினான். தகப்பனைப் போலவே ஒளிக்கத் தெரியாத முகம்.

“இல்லை” என்றேன்.

“என்னங்க ப்ரொபசரம்மா இல்லைங்கறீங்க? நேத்து மத்தியானம் பூரா நின்னு உருக்கினேன்” என்றாள் பிலோ.

“நின்ன நேரத்தையா திங்க முடியும்?”

“ஆன்ட்டி சொன்னா சொன்னதுதான். கொட்டிடு பிலோ” என்றான் கிளெமென்ட், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு.

நான்கு மாதம் கண்காணிப்பு இல்லாத அடுப்பில் என்னென்ன நடந்திருக்கும் என்று எண்ணியபடி வீடு திரும்பினேன்.

நவம்பர் 4, சனி

காட்டெருமை ஒன்று வேலியை முறித்துக்கொண்டு வந்து செடிகளை மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது. வனத்துறைக்குத் தொலைபேசினால், “ஓரமா நில்லுங்கம்மா, தானா போயிடும்” என்கிறார்கள். ஓரமாக நிற்பதற்கா மாடி வைத்த வீடு கட்டினோம்?

பிற்பகல் லாயத்தின் பின்வாசல் வழியாக நடந்தேன். தற்செயலாக என்று சொல்லிக்கொள்ளலாம். சமையலறைச் சுவரோரம் வனஸ்பதித் தகரம் ஒன்று இருந்தது. நின்று பார்த்தேன்.

“என்னங்க, உள்ள வாங்க” என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள் பிலோ.

“இந்த டின் எதுக்கு?”

“அதுல புதினா வச்சிருக்கேன்ங்க. தெரியலையா? இலை ஆடுது பாருங்க.”

புதினா இருந்தது உண்மை. புதினா வைப்பதற்கு முன் அந்தத் தகரத்தில் வனஸ்பதி இருந்ததும் உண்மை.

நவம்பர் 5, ஞாயிறு

மழை. முழங்கால் வலி. ஆலயத்துக்குப் போகவில்லை.

நவம்பர் 9, வியாழன்

இரண்டாம் ஜாடி. வெண்மையில் குறையில்லை. மெழுகுவத்தியைப் போல் இறுகியிருந்தது. கரண்டியால் சுரண்டியபோது பொடியாக உதிர்ந்தது. தோற்றத்தை வைத்து எந்தக் குற்றமும் சொல்ல முடியாது. அதுவே என் ஐயத்தைக் கூட்டியது.

கிளெமென்ட் ஒரு துண்டைத்தான் எடுத்தான். மென்றான். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. குளிரில் வியர்க்கும் அளவுக்கு ஓர் இறைச்சி இருக்குமானால் அதைப் பற்றி ஆராய்ச்சி வேண்டியதில்லை.

“இல்லை.”

பிலோ நகரவில்லை. “என்ன குறைன்னு சொல்லுங்க. உப்பா, கருகலா? சொன்னாத் திருத்திக்கலாம்.”

“கொழுப்பு மாறியிருக்கு.”

“எங்கீங்க மாறுச்சு? அதே கடை, அதே பாய், அதே குண்டிக்காய். உருக்குறப்ப ரோட்டு முனை வரைக்கும் வாசனை போகுதுன்னு ஆட்டோக்காரங்க வந்து எட்டிப் பாக்கறாங்க. உங்களுக்கு மட்டும் மாறிப்போச்சா?”

“பிலோ, உனக்குக் கொழுப்பு ஜாஸ்தியாயிடுச்சு” என்றான் கிளெமென்ட்.

“எல்லாக் கொழுப்பும் ஜாடியிலதாங்க இருக்கு. எனக்கிருந்தா இப்படி நின்னு கேட்டுட்டிருப்பனா?”

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வாய்த்துடுக்குள்ளவர்கள் நேர்மையானவர்கள் என்று நம்பும் பலவீனம் எனக்கு உண்டு. அதனாலேயே அப்படிப்பட்டவர்களிடம் கூடுதல் எச்சரிக்கையாக இருக்கிறேன்.

வாசலில் கிளெமென்ட் குரலைத் தாழ்த்திச் சொன்னான். “அடுத்த வாரமும் இப்படின்னா பெங்களூர்ல ஒரு ஓட்டல் சமையல்காரன் இருக்கான், கூட்டிட்டு வந்துடறேன் ஆன்ட்டி. டிசம்பர் கூட்டம் வருது. கொழுப்புல ஏமாத்தற கையை வச்சுக்கிட்டு நான் கடை நடத்த முடியாது.”

எங்களுக்குப் பின்னால் வாளியோடு நின்ற பிலோ அதைக் கேட்டிருக்கிறாள். “அனுப்புறதுன்னா அனுப்புங்க” என்றாள். “ஏமாத்திட்டேன்னு சொல்லி அனுப்பாதீங்க. ஏற்கெனவே பொம்பளைய எவனும் கிரில்லுல நிக்க விடமாட்டான். இந்தப் பேரும் சேர்ந்துச்சுன்னா பாத்திரம் கழுவத்தான் கூப்பிடுவாங்க.”

புறப்படுமுன் தட்டில் உறைந்திருந்த கொழுப்பைக் கரண்டி நுனியால் வழித்து, மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 10, வெள்ளி

சோதனை செய்தேன். மெல்லிய கண்ணாடிக் குழாயில் கொழுப்பை ஏற்றி உறைய வைத்து, வெப்பமானியோடு நூலால் கட்டி, பால் பாத்திரத்துத் தண்ணீரில் இறக்கி, மிக மெதுவாகச் சூடேற்ற வேண்டும். எந்த வெப்பத்தில் கொழுப்பு உருகி மேலே நகர்கிறதோ, அதுவே அதன் அடையாளம். வனஸ்பதி நாற்பது டிகிரியைத் தாண்டுவது அரிது. மாட்டுக் கொழுப்பு நாற்பத்தைந்தை ஒட்டி உருகும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் முன்னதாகவே இளகும்.

நாற்பத்தைந்து.

பால் பாத்திரத்தைக் கழுவிவிட்டு மறுபடியும் செய்தேன். நாற்பத்தைந்து.

வெப்பமானி பொய் சொல்லாது. ஆகவே பொய் வேறெங்கோ இருக்கிறது.

கிளெமென்டிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு மாதிரியை மட்டும் சோதித்து முடிவுக்கு வருவது அறிவியல் முறை அன்று.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. பக்கத்து வீட்டு மங்கையர்க்கரசி முறுக்கு கொடுத்தனுப்பினாள். நன்றாக நொறுங்குகிறது. பட்டாசுக்குப் பயந்து காட்டெருமை வரவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

இரவு உணவுக்கு லாயத்துக்கு வாடிக்கையாளராகப் போனேன். அறிவிக்காமல் போவதே ஆய்வு.

நேர்மையாக எழுத வேண்டுமானால், அங்கே உண்பதற்கு நிகரான இன்பம் இந்த ஊரில் இல்லை. இரும்புத் தட்டு மேசைக்கு வரும்போதே இரைச்சலோடு வருகிறது. பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடுகிறார்கள். கத்தி முதலில் பொருக்கில் தடைபட்டு, பிறகு ஒரே வழுக்கில் இறங்குகிறது. சிவந்த சாறு தட்டின் சூட்டில் பொரிந்து அடங்குகிறது. முதல் வாயில் உப்பும் மிளகும், பின் பல்லுக்கு இணங்கி விலகும் நார். உருளைக்கிழங்கு வெளியே சலசலக்கிறது, உள்ளே மாவாகக் கரைகிறது. கடைசியில் குளிர்காற்றில் உதட்டின் மேல் கொழுப்பு மெல்லிய மெழுகாகப் படிகிறது. அதைக் கைக்குட்டையால் உடனே துடைப்பவர்களை நான் மதிப்பதில்லை.

அடுத்த தடுப்பில் கோவையிலிருந்து வந்த ஒரு தம்பதி. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். “வாசனையே ஆளைத் தூக்குதுங்க” என்றாள் கணவனிடம். அவன் முகத்திலும் அதே மலர்ச்சி. எதிர்த் தடுப்பிலிருந்த நான்கு பேரையும் பார்த்தேன். எல்லாரும் நிறைவாக இருந்தார்கள். ஏமாறுகிறவர்களின் முகம் பெரும்பாலும் அழகாகத்தான் இருக்கும்.

கிளெமென்ட் என் மேசைக்கு வந்து அமர்ந்தான். அவனுக்கு சூப் மட்டும் வந்தது.

“ஸ்டேக் சாப்பிடலையா?”

“டயட், ஆன்ட்டி.”

சூப்பையும் ஆறவைத்துக் குடித்தான். முதலாளியே தன் கடை இறைச்சியைத் தொடவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நவம்பர் 16, வியாழன்

கிளெமென்ட் இல்லை. சரக்கு விஷயமாகக் கோவைக்குப் போயிருக்கிறான் என்றார்கள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

பிலோ தட்டை வைத்தாள். வழக்கமாக அடுப்படிக்குத் திரும்பிவிடுபவள், இன்று கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். நான் வெட்டினேன். மென்றேன். பொருக்கு, சூடு, உப்பு, எல்லாம் சென்ற வாரத்தைப் போலவே. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். முகம் மலர்ந்திருந்தது. உதட்டோரத்தில் ஒரு சிறு பெருமிதம்கூட இருந்தது. தன் வேலை நன்றாக அமைந்துவிட்டது என்று தெரிந்தவளின் முகம்.

“சரி” என்றேன். “இதுதான் கொழுப்பு. இத்தனை நாள் இதை ஏன் செய்யலை?”

மலர்ச்சி அப்படியே அணைந்தது.

“இது வனஸ்பதிங்க” என்றாள். “இன்னைக்குக் காலையிலதான் மார்க்கெட்டுல வாங்கினேன். பாக்கெட் உள்ள இருக்கு, கொண்டாரட்டுங்களா?”

முள்கரண்டியைத் தட்டோரம் வைத்தேன்.

“ரெண்டு வாரம் என் கொழுப்பைக் கொட்ட வச்சீங்க. வனஸ்பதியைச் சரிங்கறீங்க. நீங்க தட்டையே பார்க்கலை. என் மூஞ்சியைத்தான் பார்த்தீங்க. எதுக்குங்க?”

“கண்ணு மங்கலா இருக்கு.”

“மங்கலான கண்ணுலதான் தகர டின்னைக் கண்டுபிடிச்சீங்களா?” அவள் குரல் உயரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டாள். “முதலாளி கேட்டா என்ன சொல்லுவீங்க?”

குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வனஸ்பதியும் வாயில் உடனே கரைவதில்லை. உதட்டில் அதுவும் படியும். தொட்டுணர்ந்து மட்டும் வேறுபாட்டைக் கண்டறிவது எளிதன்று என்பதைப் பதிவு செய்கிறேன்.

மாலையில் கிளெமென்ட் தொலைபேசினான். வாயில் பஞ்சை வைத்தாற்போல் பேசினான். “என்ன ஆன்ட்டி, சரியா இல்லையா?” “சொல்லும்படி இல்லை” என்றேன். பொய் அன்று. அவன் அதை மூன்றாவது ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டான் என்பது அவன் பெருமூச்சிலிருந்து தெரிந்தது. நான் திருத்தவில்லை.

நவம்பர் 18, சனி

பிலோ இன்னும் எவரிடமும் சொல்லவில்லை போலும். ஏன் சொல்லவில்லை என்று விளங்கவில்லை. ஐயத்துக்குரியது.

நவம்பர் 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் கிளெமென்ட்டின் தொலைபேசி.

“அன்னைக்குக் கோவையில பிடுங்கியாச்சு ஆன்ட்டி. இன்னைக்குத்தான் பேச்சு ஒழுங்கா வருது.”

“எதைப் பிடுங்கினே?”

“கடவாய்ப்பல். ஒரு மாசமா இடது பக்கம் நெருப்பு. யார்கிட்டயும் சொல்லலை. பல் டாக்டர்னா எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பயம், உங்களுக்குத் தெரியாததா? கறியை மென்னா உயிரே போயிடும்.”

“ரெண்டு வியாழனுமா?”

“ரெண்டு வியாழனும்தான். உங்க முன்னாடி கத்திடாம இருந்ததே பெருசு.”

“கொழுப்பு எப்படி இருந்தது, கிளெமென்ட்?”

“எனக்கென்ன தெரியும்? எனக்கு வலிதான் தெரிஞ்சது. அதான் நீங்க சொன்னீங்களே.” பிறகு சொன்னான்: “பெங்களூர் ஆள் வியாழக்கிழமை மத்தியானம் வர்றான். பிலோகிட்டச் சொல்லிட்டேன். ஏன் அனுப்புறேன்னு கடையில எல்லாருக்கும் சொல்லிட்டேன். அப்பதான் மத்தவங்களுக்கும் பயம் இருக்கும்.”

தொலைபேசியை வைத்தேன். மின்கட்டணம் கட்டும் நாள் இன்றோடு முடிகிறது என்பது மட்டும் நினைவில் வந்துகொண்டிருந்தது.

நவம்பர் 21, செவ்வாய்

வேலி சரிசெய்ய ஆள் வந்தான். கோணலாகக் கட்டினான். கேட்டால், “மலையே கோணல்தானம்மா” என்கிறான்.

நவம்பர் 23, வியாழன்

யாரும் அழைக்காமல் லாயத்துக்குப் போனேன். பிலோ தன் கத்திகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் நேற்று வழக்கம்போல் கொழுப்பை உருக்கி வைத்திருந்தாள்.

“போற அன்னைக்கும் உருக்கினியா?”

“புதன்கிழமைன்னா உருக்கணும்ல?”

“அந்த வனஸ்பதி விஷயத்தை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?”

“சொன்னா உங்களை நம்புவாங்களா, என்னையா?” என்றாள். “வேலை போறவ கதை கட்டுறாம்பாங்க. இருக்கற பேரோட அதுவும் சேரும்.”

கிளெமென்ட் வந்தான். வீக்கம் வடிந்திருந்தது. எதிர் நாற்காலியில் அமர்ந்து, “கடைசித் தடவையா பார்த்துடுவோம்” என்றான். தட்டு வந்தது. அவன் வலப்பக்கம் மென்றான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் விரிந்தது. தோள் தளர்ந்தது. இன்னொரு துண்டைக் கேளாமல் எடுத்தான். இந்த மாதம் முழுவதும் நான் அந்த நாற்காலியில் தேடிய முகம் அதுதான்.

“சரி” என்று சொல்வது மிக எளிதாக இருந்தது. சொன்னேன்.

“பார்த்தியா பிலோ? ஒழுங்கா செஞ்சா வருதுல்ல?” என்றான் கிளெமென்ட். “இதை மூணு வாரம் முன்னாடி செஞ்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. இனி லேட்டு.”

பிலோ என்னைப் பார்த்தாள். பிறகு கத்திச் சுருளை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“பிலோ, உக்காரு” என்றேன். அவள் உட்காரவில்லை, நின்றாள். நான் பேசினேன்.

முதலில் பலனை எழுதிவிடுகிறேன். பெங்களூர் ஆளைப் பேருந்து நிலையத்திலிருந்தே திருப்பியனுப்பினான் கிளெமென்ட். கடையிலுள்ள எல்லாரையும் வரவழைத்து, பிலோவின் கொழுப்பில் குறையே இருந்ததில்லை, குறை என்னுடையது என்று நானே சொன்னேன். அவள் கத்திகளை மறுபடியும் ஆணியில் மாட்டினாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் என் மதிப்பில் தாழ்ந்திருப்பாள். இனி வியாழக்கிழமைகளில் ருசி பார்க்கப்போகிறவள் அவளே.

அவர்களிடம் நான் சொன்னது இது. பத்தொன்பதாவது வயதில், பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில், எனக்கு டைபாய்டு கண்டது. தேறி எழுந்தபோது மோப்பம் முற்றிலும் போயிருந்தது. அது திரும்பவே இல்லை. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்று. உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் தெரியும். கொழுப்புக்கு அந்த நான்கும் கிடையாது. வேதியியல் படிக்கும் பெண்ணுக்கு மூக்கில்லை என்று தெரிந்தால் ஆய்வகத்துக்குள் விடமாட்டார்கள் என்று அன்று மறைத்தேன். பிறகு மறைப்பதே வழக்கமாயிற்று. லாயத்தில் முப்பத்தோராண்டு நான் ருசி பார்த்ததில்லை. எதிரே அமர்ந்திருந்த ஆசீரின் முகத்தைப் பார்த்தேன். புருவம் தளர்ந்தால் சரி. மூக்கின் ஓரம் இறுகினால் இல்லை.

“அங்கிளுக்கு இது தெரியுமா ஆன்ட்டி?” என்று கேட்டான் கிளெமென்ட்.

“தெரியாது. அவர்கிட்டயும் சொன்னதில்லை” என்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்ட பிறகுதான் யோசித்தேன். டீ டேஸ்டரின் முகம் அசைந்தால் பக்கத்தில் நிற்கும் வணிகர்களுக்குத் தரம் தெரிந்து விலை மாறிவிடும். அதனால் ஏல அறையில் முகத்தைக் கல்லாக வைத்திருப்பதில் ஆசீர் பேர்பெற்றவர். அங்கே அவர் முகத்திலிருந்து எந்தத் தரகரும் எதையும் படித்ததில்லை. வியாழக்கிழமைகளில் மட்டும், மேசைக்கு இந்தப் பக்கமிருந்து, கண்ணாடி அணியாமலேயே நான் அதைப் படித்தேன்.